மூன்று முறை அறுத்தும் நீர்ப்பாதை அடைத்துக்கொள்கிறது; நான்காவது முறைக்குப் போகலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 41 வயது. மர ஆசாரி. பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீடுகளில்தான் வேலை. நாலு வருஷமாக அவருக்கு நீர் சரியாகப் போவதில்லை. நூல் மாதிரி வருகிறது, சில நேரம் இரண்டாகப் பிரிந்து சிதறுகிறது. பாத்ரூமுக்குப் போனால் வர பத்து நிமிஷம். அடிக்கடி கடுப்பு, குளிர்காய்ச்சல். நீர்ப்பாதை சுருங்கிவிட்டது, ‘ஸ்ட்ரிக்சர்’ என்று சொல்லி மூன்று தடவை உள்ளே கருவி விட்டு அறுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சில மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். இப்போது நாலாவது தடவை வரச் சொல்கிறார்கள். டாம்சுலோசின் என்று ஒரு மாத்திரையும் தினமும் போடுகிறார். என் மாமியார் இது உடம்புச் சூடு என்று நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். சொந்தக்காரர் ஒருவர், இது தப்பான சகவாசத்தால் வருகிற வியாதி என்று என் காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவரிடம் கேட்கவும் மனசு வரவில்லை. அவருக்கு சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன் வேலையில் உத்தரத்தின் மேலிருந்து கால் தவறியது ஒன்றுதான், அதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசியில், போகிற போக்கில், உத்தரத்திலிருந்து கால் தவறியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது மேல்தளத்துப் பலகைகளை எடுத்துவிட்டு, வெறும் உத்தரத்தின் மேல் ஆட்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கால் வழுக்கினால் ஆள் நேராகக் கீழே விழுவதில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கம் போக, உடம்பின் மொத்த எடையும் தொடையிடுக்கில் உத்தரத்தின் மேல் இறங்கும். விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால், தோலுக்குக் கொஞ்சம் உள்ளே ஆணின் நீர்ப்பாதை ஓடுகிறது. மேலே இடுப்பெலும்பு, கீழே தேக்கு உத்தரம், இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழாய் நசுங்கும். சைக்கிள் பாரில் விழுகிற பையன்களுக்கும், மூடியில்லாத சாக்கடைக் குழியில் ஒரு காலை விட்டு விழுகிறவர்களுக்கும் இதே இடத்தில்தான் அடிபடும்.

அன்று லுங்கியில் ரத்தச் சொட்டு இருந்ததா, விதைப்பைக்குக் கீழே கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஆமாம் என்பார். சொல்லக் கூச்சமான இடம், இரண்டு மூன்று நாளில் வலியும் குறைந்துவிடும் என்பதால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. உள்ளே ஆறுகிற காயம் தழும்பாகிறது. தழும்பு என்றால் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அது ஒரே நாளில் சுருங்குவதில்லை. சாதாரணமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரிந்து கொடுக்கும் பாதை, 3 அல்லது 4 மில்லிமீட்டராகக் குறுகும்வரை பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. சிறுநீர்ப்பை அதுவரை கூடுதலாக அழுத்தித் தள்ளிச் சமாளித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எட்டு வருஷத்துக்கு முன் விழுந்ததற்கும் நாலு வருஷத்துக்கு முன் தொடங்கிய தொல்லைக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி.

உங்கள் சொந்தக்காரர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். வெட்டை நோய் இந்த அடைப்புக்குப் பெரிய காரணமாக இருந்த காலம் உண்டு. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்று எங்களிடம் வருகிறவர்களுக்கு வேறு காரணங்கள்தான் அதிகம். விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தவர்கள், வேறு ஏதோ நோய்க்காக யூரின் டியூப் போட்டபோது உள்ளே காயம்பட்டவர்கள், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்குக் கருவி விட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதில் நிறையப் பேர். உறுப்பின் நுனித்தோல் வெளுத்துத் தடித்துப்போகும் ஒரு தோல் நோயும் உள்ளே பரவிப் பாதையைச் சுருக்கும். காரணமே கண்டுபிடிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உத்தரத்தின் மேல் விழுந்த ஒரு ஆசாரிக்கு அதே இடத்தில் அடைப்பு வந்திருந்தால், நான் வேறு காரணம் தேடிப் போக மாட்டேன். அவரிடம் சந்தேகத்தைக் கேட்க வேண்டாம், விழுந்த கதையைக் கேளுங்கள். எக்ஸ்ரேயில் அடைப்பு இருக்கும் இடமும் அதைச் சொல்லிவிடும்.

மாமியாருடைய கஷாயத்துக்கு வருகிறேன். நெருஞ்சில், வாழைத்தண்டு, பார்லி எல்லாம் நம் வீடுகளில் தலைமுறையாகக் கொடுப்பவைதான். தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் வேலை செய்கிறவருக்கு வரும் நீர்க்கடுப்பில் கூடுதலாக நீர் உள்ளே போவது நல்லது. பெரியவரின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தழும்பை எந்தக் கஷாயமும் கரைக்காது. வாசல் குறுகியிருக்கும்போது ஒரே மூச்சில் சொம்புக்கணக்கில் குடித்தால் பை நிரம்பி, நீர் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளவும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கக் குடிக்கட்டும். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் கஷாயத்தை நம்பி ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். முழுக்க வெளியேறாமல் தேங்கும் நீரில் கிருமி வளர்ந்து சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். யூரின் கல்ச்சர் எடுத்து, அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்து கொடுக்க வேண்டும்.

டாம்சுலோசின், புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் இருக்கும் தசையைத் தளர்த்தும் மாத்திரை. அறுபது வயதுக்காரர்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தில் நன்றாக வேலை செய்யும். தழும்பு தசை இல்லை, அது தளர்ந்து கொடுக்காது. மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி அவருடைய டாக்டரிடமே பேசிக்கொள்ளுங்கள். அதை நம்பிக் காலம் தள்ள வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியக் கேள்வி. நான்காவது முறை அறுக்கலாமா? என் பதில், வேண்டாம்.

உள்ளே கருவி விட்டு அறுப்பது என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மெல்லிய டெலஸ்கோப்பை நீர்ப்பாதை வழியாக விட்டு, கண்ணால் பார்த்தபடியே சின்னக் கத்தியால் தழும்பைக் கீறிப் பிளப்பார்கள். ஜெர்மனியில் சாக்ஸே என்ற டாக்டர் 1970-களில் கொண்டுவந்த முறை இது. உடம்பில் வெளியே வெட்டு இல்லை, அரை மணி நேர வேலை, சீக்கிரம் வீடு திரும்பலாம். கீறிய இடத்தில் தழும்பு அப்படியேதான் இருக்கும், வாய் மட்டும் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் மேல் நல்ல உள்தோல் வளர்ந்து மூடுவதற்குள் தழும்பு மறுபடி ஒட்டிக்கொண்டால் பழைய கதைதான். அடைப்பு 2 சென்டிமீட்டருக்குள், முதல் முறை என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்லபடியாக ஆறிவிடுகிறது. அதனால் முதல் தடவை அறுத்ததில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். இரண்டாவது தடவையில் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மூன்றாவதுக்கு மேல் நிரந்தர குணம் என்பது அநேகமாக இல்லை. அதோடு ஒவ்வொரு கீறலும் ஒரு புதுக் காயம். 1 சென்டிமீட்டர் இருந்த தழும்பு நீண்டு, ஆழமாகிக்கொண்டே போகும். பின்னால் செய்ய வேண்டிய நல்ல ஆபரேஷனையும் அது கஷ்டமாக்கும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு அவர் தொழிலை வைத்தே சொல்லுங்கள். நிலைக்காலின் அடி இற்றுப்போயிருந்தால் அவர் மேலாகச் சீவிவிட்டு வார்னிஷ் அடித்துக் கொடுப்பாரா? இற்ற பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, நல்ல மரத்தை ஒட்டுப்போட்டு இழைப்பார். நீர்ப்பாதைக்கும் அந்த வேலை இருக்கிறது. அதற்கு யூரித்ரோபிளாஸ்டி என்று பெயர்.

இது என்னுடைய சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்க யூராலஜி சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, ஒருமுறை அறுத்தோ விரித்தோ திரும்ப வந்துவிட்டால் அதையே மறுபடி மறுபடி செய்யாமல் யூரித்ரோபிளாஸ்டியைச் சொல்லுங்கள் என்கிறது. பிரிட்டனில் இப்படித் திரும்பத் திரும்ப அடைப்பு வந்த 222 ஆண்களை இரண்டாகப் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் தொந்தரவு குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் யூரித்ரோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் மறுபடி சிகிச்சைக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட பாதிதான். கூலி வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவது எவ்வளவு பெரிய செலவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபரேஷனுக்கு முன் அடைப்பு எங்கே, எத்தனை நீளம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஆர்.ஜி.யு. என்ற எக்ஸ்ரே. உறுப்பின் நுனி வழியாகச் சாய மருந்தை மெதுவாகச் செலுத்திக்கொண்டே படம் எடுப்பார்கள். கூடவே பையை மருந்தால் நிரப்பி, நீர் போகச் சொல்லி இன்னொரு படம். கொஞ்சம் எரியும், வெட்கமாகவும் இருக்கும், ஆனால் தவிர்க்க முடியாதது. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சமீபத்தில் அறுத்தோ, டியூப் போட்டோ, கம்பி விட்டு விரித்தோ இருந்தால் உடனே படம் எடுக்கக்கூடாது. தற்காலிகமாக விரிந்திருக்கும் பாதை, அடைப்பை உண்மையைவிடச் சின்னதாகக் காட்டும். குறைந்தது நாலு வாரம், முடிந்தால் இன்னும் கூடுதலாக, அந்தப் பாதையை யாரும் தொடாமல் விட்டுவைத்த பிறகே எடுக்க வேண்டும்.

யூரோஃப்ளோ என்று வலியே இல்லாத ஒரு பரிசோதனையும் உண்டு. புனல் வைத்த மெஷினில் நீர் போனால் போதும், வேகத்தைக் கோடாக வரைந்து கொடுக்கும். அவர் வயதில் நொடிக்கு 15 மில்லி லிட்டருக்கு மேல் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். அடைப்பு இருப்பவரின் கோடு கொஞ்சம் மேலே வந்து, அப்படியே தட்டையாக நீண்டுகொண்டே போகும். பத்து நிமிஷம் என்று நீங்கள் எழுதியது அந்தத் தட்டைக் கோட்டைத்தான். நீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம், கல் சேர்ந்திருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். ரத்தத்தில் கிரியேட்டினின். இந்த இரண்டும் இத்தனை வருஷ அடைப்பு சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று சொல்லும். இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வெட்டித்தான் யூரித்ரோபிளாஸ்டி செய்வார்கள். அடிபட்டு வந்த குட்டையான அடைப்பு என்றால் தழும்பை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு நல்ல முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். இதில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நல்ல பலன். மூன்று தடவை அறுத்ததில் நீளம் கூடியிருந்தால் இழுத்துச் சேர்க்க முடியாது. அப்போது கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒரு பட்டை மெல்லிய தோலை எடுத்து நீர்ப்பாதையில் வைத்துத் தைத்து அகலமாக்குவார்கள். வாய்த்தோல் எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, முடி வளராது, வைத்த இடத்தில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கன்னத்தில் எடுத்த இடமும் வேகமாக ஆறிவிடும். இந்த வகையிலும் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு நல்லபடியாக அமைகிறது. பாதை முழுக்க அடைத்துப்போனவர்களுக்குக்கூட இப்படிச் சரிசெய்யும் ஒரு முறையைப் புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்னி வகுத்துக் கொடுத்தார். அது இன்று அவர் பெயரிலேயே உலகெங்கும் செய்யப்படுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் பாக்கு, புகையிலை போடுவாரா? சாரத்தின் மேல் நிற்கிறவர்கள் வாயில் எதையாவது அடக்கிக்கொண்டே வேலை செய்வதைத் தினமும் பார்க்கிறேன். வருஷக்கணக்கில் பாக்கு மெல்லுகிறவர்களின் கன்னத் தோல் வெளுத்து, நார் நாராக இறுகிப்போகும். அந்தத் தோல் ஒட்டுக்கு உதவாது. இன்று ராத்திரி அவரை வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நாக்கின் அடியிலிருந்து தோல் எடுக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். எப்படியிருந்தாலும் பாக்கும் புகையிலையும் பீடியும் இன்றோடு நிற்கட்டும். ஒட்டுத்தோலுக்கு ரத்த ஓட்டம் வேண்டும், புகையிலை அதைக் குறைக்கும். பாக்கினால் இறுகிய வாயில் புற்றுநோய் வரும் ஆபத்தும் உண்டு என்பதால், வாயைத் தனியாக ஒரு டாக்டரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் இரண்டு மூன்று வாரம் யூரின் டியூப் இருக்கும். எடுக்கும் முன் கசிவு இல்லையா என்று படம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். டியூப் வைத்திருக்கும்போது இழுபடாமல் தொடையிலோ வயிற்றிலோ ஒட்டி வைத்திருக்க வேண்டும். கன்னத்தில் தோல் எடுத்திருந்தால் முதல் வாரம் நம் ஊர்ச் சமையல் அவருக்கு ஆகாது. மிளகும் வரமிளகாயும் அந்தப் புண்ணில் பட்டால் துடித்துப்போவார். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், குழைந்த இட்லி போதும். சைக்கிள், பைக் ஓட்டுவதும் உத்தரம் ஏறுவதும் இரண்டு மூன்று மாதத்துக்குக் கூடாது. பட்டறையில் நின்றபடி செய்கிற சின்ன வேலைகளை ஆறு வாரம் கழித்து டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

நீங்கள் எழுதாத ஒரு கேள்வி மனசில் இருக்கும் என்று தெரியும். தாம்பத்தியம். ஆறு வாரம் போல விலகியிருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் விறைப்பு குறைவாக இருப்பதாகச் சிலர் சொல்வார்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி மரத்துப்போனது போலச் சிலருக்கு இருக்கும். விந்து வேகமில்லாமல் ஒழுகுவதாகவும் சிலர் சொல்வதுண்டு, அடைப்பிலேயே அந்தத் தொல்லை இருந்து ஆபரேஷனுக்குப் பின் சரியானவர்களும் உண்டு. மிகச் சிலருக்கு விறைப்புக் குறை நீடிக்கலாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் கேளுங்கள். அவர் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள், எங்களுக்கு இது அன்றாடப் பேச்சு.

அடைப்பை உள்ளிருந்து விரிக்க, மருந்து தடவிய பலூன் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட அடைப்புகளுக்கு அது ஒரு வழி. 41 வயதில், அடிபட்டு வந்த தழும்புக்கு, இன்னும் இருபது வருஷம் உத்தரம் ஏற வேண்டிய ஒருவருக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

எங்கே போவது? எல்லா யூராலஜி டாக்டர்களும் டெலஸ்கோப்பில் அறுப்பார்கள், எல்லோரும் யூரித்ரோபிளாஸ்டியைத் தொடர்ந்து செய்வதில்லை. ‘நீங்கள் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா, செய்துகொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்?’ என்று நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் யூராலஜிக்குத் தனித் துறை இருக்கிறது, காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் ஓ.பி. நேரத்துக்குப் போய்விடலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தனியாருக்குப் போவதானால் அந்த ஆஸ்பத்திரியும் இந்த ஆபரேஷனும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும், எடுத்த எக்ஸ்ரே படங்கள் எல்லாமும் கையில் இருக்கட்டும். விழுந்த வருஷத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

அதற்குள் ஒரு நாள் ராத்திரி நீர் ஒரு சொட்டுகூட வராமல் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடலாம். போனதும் ‘இவருக்கு ஸ்ட்ரிக்சர் இருக்கிறது, மூன்று தடவை அறுத்திருக்கிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தெரியாமல் டியூபைப் பலவந்தமாக உள்ளே தள்ளினால் பாதை கிழிந்து புதுத் தழும்பு வரும். அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு நேராகப் பைக்குள் குழாய் வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்த நிலையில் அதுதான் பாதுகாப்பானது. அந்தக் குழாயோடு சில வாரம் இருந்தால் நீர்ப்பாதைக்குத் தேவையான ஓய்வும் கிடைத்துவிடும், அப்புறம் படம் எடுத்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கலாம்.